மென்பொருள் கட்டுவோர்க்கு ஒரு பட்டப்பின் படிப்பு வேண்டும்

2024ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் திகதி பிரித்தானியாவில் ஒரு சட்டம் முடியின் ஒப்புதலைப் பெற்றது. நீதிமன்றங்கள் முறைப்படி விசாரித்துக் குற்றவாளிகள் எனத் தீர்த்த பல நூறு மனிதரை, தனித்தனியாக மேன்முறையீடு செய்ய வேண்டிய தேவையின்றி, ஒரே நாளில் குற்றமற்றவர்களாக ஆக்கிய சட்டம் அது. நீதித்துறையின் சுதந்திரத்தைத் தன் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் இந்நாட்டில், பாராளுமன்றமே நீதிமன்றத் தீர்ப்புகளை நீக்க முன்வருவது மிக அரிதான செயலாகும். அத்தகைய செயலுக்கு ஒரு நாட்டைத் தள்ளியது போரன்று, புரட்சியன்று. கணக்குப் பார்க்கும் ஒரு கணனி மென்பொருள்.

உப தபாலகங்களின் வரவு செலவைப் பதிவதற்கென 1999ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் நிறுவப்பட்ட 'ஹொரைசன்' என்னும் தொகுதியே அது. பெட்டியில் உள்ள பணத்திற்கும் திரையில் தெரியும் தொகைக்கும் வேறுபாடு காணப்பட்டால், அதனை உப தபாலதிபரே ஈடுசெய்ய வேண்டும் என்று தபால் நிறுவனம் வற்புறுத்தியது. 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்டோர் களவு, மோசடி, பொய்க்கணக்கு ஆகிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். பலர் வீடு வாசலை இழந்தனர். அவர்களுள் தெற்காசியாவிலிருந்து வந்து குடியேறிய கடைக்காரக் குடும்பத்தினரும் பலர். 555 பேர் கூட்டாகத் தொடுத்த வழக்கில், அத்தொகுதியில் வழுக்களும் பிழைகளும் இருந்தன என்றும், அவை இல்லாத பற்றாக்குறையைக் கணக்கில் தோற்றுவிக்க வல்லவை என்றும் 2019 டிசெம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 யூலையில் வெளிவந்த பகிரங்க விசாரணை அறிக்கையின் முதலாவது தொகுதி, இதன் விளைவாக 13 பேர் தம்முயிரை மாய்த்துக்கொண்டிருக்கக்கூடிய மெய்யான சாத்தியம் உண்டு என்கிறது.

இவ்விவகாரத்தில் அதிகாரிகள் எதனை அறிந்திருந்தனர், எதனை மறைத்தனர் என்பது பற்றிச் சட்டத்தரணிகள் பல மாதங்களாகக் கேள்வி கேட்டனர். அது வேண்டியதே. ஆனால் பல்கலைக்கழகங்களை நோக்கிக் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு. இத்தகைய மென்பொருளைக் கட்டுவோரும் காப்போரும் எதனைக் கற்று வருகின்றனர்? தாம் கட்டியதில் பிழை உண்டு என்று அறிந்தால் அதனை யாரிடம், எவ்வாறு சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குக் கற்பிப்பவர் யார்?

முன்னாள் கணனியியல் விரிவுரையாளன் என்ற வகையிலும், இந்நாட்டில் அடைக்கலம் பெற்றவன் என்ற வகையிலும் இக்கேள்விக்கு ஒரு விடையை இங்கு முன்வைக்க விரும்புகின்றேன். மென்பொருள் கட்டுமானத்துக்கெனத் தனியான ஒரு பட்டப்பின் பாடநெறி நிறுவப்பட வேண்டும். படிப்பு இடைமுறிந்த அகதிகளுக்கும் அதன் கதவுகள் திறந்திருக்க வேண்டும்.

நான்கு முறை பதிவான எண்ணாயிரம் பவுண்

செய்நிரல் எழுதுவதற்கும் மென்பொருள் கட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை, அந்த ஹொரைசன் வரலாற்றிலிருந்தே ஒரு சம்பவத்தால் விளக்கலாம்.

2015ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்தின் டல்மெலிங்டன் என்னும் சிற்றூரில், தபாலகக் கிளையொன்றிலிருந்து அதன் வெளிக்களச் சேவைக்கு 8,000 பவுண் மாற்றப்பட்டது. அதனைப் பதிய முற்பட்டபோது திரை அசையாது நின்றது. திரை நின்றால் எவரும் செய்வதைப் போலப் பொத்தான் மீண்டும் மீண்டும் அழுத்தப்பட்டது. ஒவ்வொரு அழுத்தமும் ஒரு புதிய வரவாகப் பதிவாயிற்று. நான்கு முறை பதிவானதால் 32,000 பவுண் வந்துசேர்ந்ததாகக் கணக்குக் காட்டியது. எங்குமே இல்லாத 24,000 பவுண் பற்றாக்குறையாகத் திரையில் நின்றது.

இப்பிழையைத் தவிர்க்கும் வழி எமது ஊர்ச் சங்கக்கடை முகாமையாளருக்கும் தெரிந்ததுதான். அவரது பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் இலக்கம் உண்டு. அதே இலக்கம் கொண்ட சீட்டு இரண்டாம் முறை வந்தால் அவர் அதனைப் பேரேட்டில் மீண்டும் பதியமாட்டார். கணனியிலும் இவ்வாறே ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் தொடக்கத்திலேயே ஓர் இலக்கம் இடப்பட வேண்டும். அவ்விலக்கம் மீண்டும் வந்தால், 'இது முன்னரே கிடைத்தது' என்று இயந்திரம் விடை சொல்லி, கணக்கில் கைவைக்காதிருக்க வேண்டும்.

இவ்விதியை அறியாத செய்நிரலாளர் குறைவு. ஆயினும் விதியை அறிதல் வேறு. பலர் பல ஆண்டுகளாக எழுதிய இலட்சக்கணக்கான வரிகளைக் கொண்ட ஒரு தொகுதியில், பணம் செல்லும் ஒவ்வொரு வழியிலும் அவ்விதி காக்கப்படுகின்றதா என்று உறுதிசெய்தல் வேறு. முன்னையது செய்நிரல் எழுதுதல். பின்னையது மென்பொருள் கட்டுமானம். செங்கல் அடுக்கத் தெரிந்தவரெல்லாம் வீடு கட்டும் பொறுப்பை ஏற்பதில்லை. அத்திவாரம் பாரத்தைத் தாங்குமா என்று கணித்து, தாங்காதெனின் வேலையை நிறுத்தச் சொல்லும் ஒருவர் அங்கு வேண்டும். மென்பொருளுக்கு அத்தகையவரை நாம் இன்னும் போதிய அளவில் உருவாக்கவில்லை.

பெற்றோல் நிலையத்தில் ஓர் இரவு

இதனை நான் நூல்களில் மாத்திரம் அறிந்தவன் அல்லன். 2009இல் நாட்டைவிட்டு வெளியேறி, இங்கு அகதி அந்தஸ்துக் கிடைத்த பின்னர், முதல் இரண்டு ஆண்டுகளும் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்தேன். ஒரே மாதத்தில் மூன்று தடவை என் காசுப்பெட்டியில் பணம் குறைவதாக இயந்திரம் காட்டியது. மொத்தம் 140 பவுண். விடிந்ததும் பற்றுச்சீட்டுச் சுருளின் பிரதியை அறைக்குக் கொண்டுவந்து, தரையில் விரித்து, வரிவரியாகப் பார்த்தேன். வங்கி அட்டையால் செலுத்தும்போது இடையில் தொடர்பு அறுந்து, பின்னர் மீண்டும் அட்டையால் செலுத்தப்பட்ட விற்பனைகள், காசு விற்பனையாகவும் ஒருமுறை பதிவாகியிருந்தன. பிழை எங்கே என்பது எனக்குத் தெளிவாகவே தெரிந்தது.

முகாமையாளரிடம் சொன்னேன். "கணனி பிழை விடாது தம்பி, மனிசர்தான் பிழை விடுறது" என்றார். அவரும் எம்மவர்தான், கெட்டவர் அல்லர். தான் நம்பியதையே சொன்னார்.

நான் பணத்தைக் கட்டினேன். கணனியியல் கற்பித்தவன், பிழையைக் கண்ணால் கண்டவன், 140 பவுணைத் தவணை முறையில் என் சம்பளத்திலிருந்து கழிக்கச் சம்மதித்தேன். காரணம் இந்தப் பக்கத்தை வாசிப்போருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஐந்தாண்டு வதிவிட அனுமதியில் இருந்தேன். நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கும்போது என் பெயரோடு களவு என்ற சொல் சேர்ந்துவிடுமோ என்று அஞ்சினேன். உப தபாலதிபர்களில் எத்தனையோ பேர் இல்லாத கடனை வாய்திறவாது கட்டினர் என்று பின்னாளில் படித்தபோது நான் வியப்படையவில்லை.

சட்டமும் அந்த முகாமையாளரைப் போலவே சிந்தித்தது. 1984ஆம் ஆண்டின் பொலிஸ் மற்றும் குற்றவியல் சான்றுச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, கணனிப் பதிவைச் சான்றாக ஏற்குமுன் அக்கணனி ஒழுங்காக இயங்கியது என்று காட்டப்பட வேண்டும் என்றது. 1999இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் அப்பிரிவை நீக்கியது. அதன்பின் இங்கிலாந்திலும் வேல்ஸிலும், மாறாக ஒன்று காட்டப்படும்வரை கணனி சரியாகவே இயங்கியது என்று நீதிமன்றங்கள் ஊகித்துக்கொண்டன. இயந்திரத்தின் உள்ளே பார்க்க அனுமதி இல்லாதவரே அது பழுதானது என்று காட்ட வேண்டிய நிலை உண்டாயிற்று. இவ்விதியைப் பற்றி நீதி அமைச்சு கருத்துக் கோரியது 2025 ஜனவரியில்தான்.

இன்று எமது வதிவிட உரிமையே ஒரு கணனிப் பதிவாகிவிட்டது. 2024 டிசெம்பர் 31ஆம் திகதியுடன் பெரும்பாலான வதிவிட அட்டைகள் காலாவதியாகி, ஈ-விசா எனப்படும் மின்பதிவு அவற்றின் இடத்தைப் பிடித்தது. வேலை தருபவரும் வீடு வாடகைக்குத் தருபவரும் பார்ப்பது அப்பதிவையே. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்புக் கொடுப்பனவில் மோசடி செய்ததாகப் பல்லாயிரம் குடும்பங்கள் தவறாகக் குற்றஞ்சாட்டப்பட்டதையும், இரட்டைப் பிரசாவுரிமை உடையோரின் விபரம் அதில் பயன்படுத்தப்பட்டதையும், அதன் காரணமாக 2021 ஜனவரியில் அந்நாட்டு அமைச்சரவையே பதவி துறந்ததையும் அங்குள்ள எமது வாசகர்கள் அறிவர். அகதிக்கு மென்பொருள் என்பது தொழில் வாய்ப்பு மாத்திரம் அன்று. அவனது பெயரும் உரிமையும் அதனுள்தான் இருக்கின்றன.

இப்பாடநெறி ஏற்கெனவே இல்லையா?

இது நியாயமான கேள்வி. 1968 ஒக்டோபரில் ஜேர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் ஆதரவில் கூடிய கணனி அறிஞர்கள், மென்பொருள் ஆக்கம் நெருக்கடியில் உள்ளது என்று பேசினர். 'மென்பொருள் பொறியியல்' என்னும் தொடர் அம்மகாநாட்டின் மூலமே பரவலான வழக்குக்கு வந்தது. ஒரு தொகுதியைப் பகுதிகளாகப் பிரிக்கும்போது, பின்னர் மாறக்கூடிய ஒவ்வொரு முடிவும் ஒரு பகுதிக்குள் அடங்கியிருக்குமாறு பிரிக்க வேண்டும் என்று 1972இல் டேவிட் பார்னாஸ் காட்டினார். தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலைக்கு மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று 1975இல் பிரெட் புரூக்ஸ் எழுதினார். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 1989இல் மென்பொருள் பொறியியலுக்கென முதுமாணிப் பட்டத்தைத் தொடங்கியது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பார்னாஸ், பௌதிகவியலும் மின் பொறியியலும் வெவ்வேறு பாடநெறிகளாக இருப்பதுபோல, கணனி விஞ்ஞானமும் மென்பொருள் பொறியியலும் வெவ்வேறாகக் கற்பிக்கப்பட வேண்டும் என்று 1999இல் வாதிட்டார்.

ஆகவே பெயர் புதிதன்று. பிரித்தானியாவிலும் இப்பெயரில் பல முதுமாணிப் பட்டங்கள் உண்டு. எனது முறைப்பாடு அவற்றின் பெயரைப் பற்றியதன்று, வழக்கத்தைப் பற்றியது. மாணவர் ஒரு சிறு தொகுதியைப் பத்துப் பன்னிரண்டு வாரங்களில் தாமே புதிதாக எழுதுகின்றனர். காட்டிப் புள்ளி பெறுகின்றனர். பின்னர் கைவிட்டுப் போகின்றனர். அதனை எவரும் பயன்படுத்துவதில்லை, எவரும் திருத்துவதில்லை, அதனால் எவரும் பாதிக்கப்படுவதுமில்லை. தொழிலிலோ நிலைமை நேர்மாறானது. அங்கே புதிய பட்டதாரியின் கையில் கொடுக்கப்படுவது, என்றோ விலகிப்போனவர்கள் எழுதிய, இன்றும் ஆயிரக்கணக்கானோர் நம்பியிருக்கின்ற பழைய தொகுதி.

நானும் முன்பு அவ்வாறுதான் கற்பித்தேன். என்னை மாற்றியது ஒரு தட்டுப்பாடு. 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்ட பின்னர், யாழ்ப்பாணத்தில் எமது ஆய்வுகூடக் கணனிகள் நாளில் சில மணிநேரமே இயங்கின. வேறு வழியின்றி, முந்திய ஆண்டு மாணவர் எழுதிய செய்நிரல்களின் பழைய அச்சுத்தாள்களை வகுப்பில் பங்கிட்டு, அவற்றைப் பென்சிலோடு வரிவரியாக இயக்கிப் பார்த்துப் பிழை காணுமாறு சொன்னேன். நான் முழுப் புள்ளி வழங்கிய ஒரு செய்நிரலில், பெப்ரவரி 29ஆம் திகதி பிறந்தவரின் வயதைத் தவறாகக் கணிக்கும் ஒரு வரியை ஒரு மாணவி கண்டுபிடித்தார். அந்த அணியினர் எழுதிய செய்நிரல்கள் அதற்கு முந்திய எந்த அணியினரதையும் விடச் சீராக இருந்தன. பிறர் எழுதியதை வாசித்தறிந்தவருக்கே, தாம் எழுதுவதைப் பிறர் வாசிப்பர் என்ற நினைவு இருக்கும் என்பதை அவ்வாண்டில் கற்றேன்.

பாடநெறியின் அமைப்பு

பிரித்தானிய முதுமாணிப் பட்டத்துக்குரிய 180 மதிப்பலகுகளை முழுநேரமாயின் ஓராண்டிலும், மாலை நேரமாயின் ஈராண்டிலும் முடிக்கலாம். பாடநெறி ஐந்து பகுதிகளைக் கொண்டதாக இருக்க வேண்டும் என்பது எனது முன்மொழிவு.

முதலாவது வாசிப்பு. முதல் தவணையில் மாணவர் புதிதாக ஒரு வரியும் எழுதலாகாது. பெரிய திறந்த மூல மென்பொருள் ஒன்றை எடுத்து, அதில் ஒரு கொடுக்கல் வாங்கல் எங்கே நுழைந்து எங்கே முடிகின்றது என்று தொடர்ந்து சென்று, விளக்கக் கட்டுரை எழுத வேண்டும்.

இரண்டாவது வரையறை. ஒரு பகுதி எதனை எடுத்துக்கொள்ளும், எதனைத் திருப்பித் தரும், எந்நிலையில் இயங்க மறுக்கும் என்பதை எழுத்தில் வைத்தல். 1996 யூன் 4ஆம் திகதி பிரெஞ்சுக் கயானாவின் கூரு ஏவுதளத்திலிருந்து கிளம்பிய அரியான்-5 உந்துகணை ஏறத்தாழ 40 வினாடிகளில் சிதறியது. அரியான்-4இலிருந்து எடுத்து வைக்கப்பட்ட மென்பொருள், பெரியதோர் எண்ணை அதற்குப் போதாத சிறிய இடத்தில் இட முயன்றதே காரணம். பழைய உந்துகணையின் வேகத்தில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வளர்ந்ததில்லை. புதிய உந்துகணை விரைவானது. பழைய வீட்டுக் கதவைக் கழற்றிப் புதிய வீட்டில் பூட்டுபவர் நிலையை அளந்து பார்ப்பது போல, இங்கும் எவரேனும் அளந்திருக்க வேண்டும்.

மூன்றாவது சோதனை. தொகுதி இயங்குகின்றது என்று காட்டுவது சோதனையன்று; அதனை விழுத்த முயல்வதே சோதனை. திரை நின்றால் என்ன? தொடர்பு அறுந்தால் என்ன? ஒரே பொத்தான் நான்கு முறை அழுத்தப்பட்டால் என்ன? மாணவர் இரு அணிகளாகப் பிரிந்து, ஓரணி கட்டியதை மற்றை அணி சோதிக்க வேண்டும்.

நான்காவது மாற்றமும் பதிவும். யார், எப்போது, எதனை, ஏன் மாற்றினார் என்பது அழியாத பதிவாக இருக்க வேண்டும். மாற்றங்கள் சிறிது சிறிதாகவே மக்களிடம் செல்ல வேண்டும். 2024 யூலை 19ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு புதுப்பிப்பினால், மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 85 இலட்சம் கணனிகள் முடங்கின, விமானங்கள் நின்றன. மென்பொருளின் ஒரு பகுதி 21 உள்ளீடுகளை எதிர்பார்க்க, மற்றப் பகுதி 20ஐ மாத்திரமே கொடுத்தது. பிழை சிறியது. அது ஒரே வேளையில் எல்லோரிடமும் சென்றதே பெருங்கேடாயிற்று.

ஐந்தாவது பொறுப்புக்கூறல். சட்டபீடத்தோடு இணைந்து இப்பகுதி நடத்தப்பட வேண்டும். தான் காத்துவரும் தொகுதியில் கண்ட பிழையைப் பாதிக்கப்படுவோருக்கு விளங்கும் மொழியில் எழுதி அறிவிக்கவும், மேலதிகாரி 'இதனை வெளியே சொல்லாதே' என்று பணித்தால் தன் உரிமையும் கடமையும் யாவை என்று அறியவும், மாதிரி நீதிமன்றத்தில் நின்று 'இப்பதிவு நம்பத்தக்கதா?' என்ற கேள்விக்கு விடையளிக்கவும் மாணவர் பயில வேண்டும்.

பரீட்சை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஓராண்டு மாணவர் காத்து வளர்த்த தொகுதி அடுத்த ஆண்டு மாணவரிடம் கையளிக்கப்பட வேண்டும். கையளித்தவர் அருகில் இல்லாமலே புதியவர்கள் அதனை விளங்கி, ஒரு திருத்தத்தைச் செய்து முடிக்க முடிகின்றதா என்பதற்கும் இறுதிப் புள்ளியில் ஒரு பங்கு ஒதுக்கப்பட வேண்டும். இதனால் பட்டமளிப்புச் சில மாதங்கள் தாமதமாகும் என்று பல்கலைக்கழக மூதவைகள் ஆட்சேபிக்கக் கூடும். தாமதமாகட்டும். வீடு நல்லதா என்பது ஒரு மாரி கழிந்த பின்னர்தானே தெரியும்?

இயந்திரமே எழுதும்போது

அண்மையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் உயர்தர மாணவர்களோடு உரையாடக் கிடைத்தது. ஓர் இளைஞர் எழுந்து, "சேர், இப்போது செய்நிரலை இயந்திரமே எழுதுகின்றது. இனி இதைப் படித்து என்ன பிரயோசனம்?" என்று கேட்டார். பின்வரிசையில் இருந்த பெற்றோர் சிலரும் தலையசைத்தனர். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த நாள் முதல் எமது வீடுகளில் எழுந்துள்ள அச்சம் இது. அதனை இலேசாகத் தள்ளிவிடுவது நேர்மையன்று. சிறு செய்நிரல்களை எழுதுவதையே தொழிலாகக் கொள்ள எண்ணியவருக்கு வழி குறுகிவருகின்றது என்பது உண்மைதான்.

ஆனால் இயந்திரம் எழுதித் தருவது, பார்வைக்குச் சரியாகத் தோன்றும் செய்நிரல். அது சரியானதா என்று அறிய ஒருவர் வாசிக்க வேண்டும். என்ன கேட்டோம் என்று வரையறுத்திருக்க வேண்டும். விழுத்திப் பார்க்க வேண்டும். நாளை ஒரு கடைக்காரர் கூண்டில் நிற்கும்போது வந்து சாட்சி சொல்ல வேண்டும். இயந்திரத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது. எழுதுவது மலிவாகும்போது வரிகள் பெருகும். வரிகள் பெருகும்போது அவற்றை வாசித்துப் பொறுப்பேற்பவரின் தேவையும் பெருகும். ஆகவே மேலே சொன்ன ஐந்து பகுதிகளில் ஒன்றையேனும் இயந்திரத்தின் வருகை தேவையற்றதாக்கவில்லை. அந்த இளைஞரிடம் இதையே சொன்னேன். அவர் முழுமையாக நம்பினார் என்று சொல்லமாட்டேன். ஆனால் கூட்டம் முடிந்த பின்னர் வந்து, வாசிப்பதற்கு எந்த மென்பொருளை முதலில் எடுக்கலாம் என்று கேட்டார்.

எம்மவரும் இப்படிப்பும்

எம்மிடையே கணிதத்திலும் பௌதிகவியலிலும் பொறியியலிலும் பட்டம் பெற்றோர், அல்லது பட்டத்துக்கு ஓராண்டு இருக்கையில் நாட்டைவிட்டு வந்தோர் பலர் உள்ளனர். அவர்களின் சான்றிதழ்கள் ஊரில் கிடக்கின்றன, அல்லது எரிந்து போயின. அவர்கள் கடைகளிலும் களஞ்சியங்களிலும் வேலை செய்கின்றனர், அல்லது வேலை செய்யும் அனுமதியின்றி விடுதி அறைகளில் நாள்களை எண்ணுகின்றனர். இவர்களைச் சேர்ப்பதற்குச் சான்றிதழ் ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளலாகாது. ஐம்பது பக்கச் செய்நிரலொன்றைக் கொடுத்து, இரண்டு நாள் அவகாசத்தில் அதன் பிழைகளை எழுதித் தருமாறு கேட்கலாம். அதனைச் செய்யக்கூடியவரைச் சேர்த்துக்கொள்வதால் தரம் தாழாது. செய்ய முடியாதவர் எத்தனை சான்றிதழ் வைத்திருந்தாலும் சேர்க்க வேண்டியதில்லை.

இதில் எமக்கென ஓர் அனுகூலமும் உண்டு. ஓர் எழுத்துப் பிழையால் தந்தையின் பெயர் குடும்பப்பெயரானவர்கள் நாங்கள். பிறந்த திகதி மாறிப் பதியப்பட்டு, அதனைத் திருத்துவதற்கு ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்கள் எம்முள் உண்டு. பதிவேட்டில் உள்ள ஒரு பிழை ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதை எமக்கு எவரும் விரிவுரை நடத்திச் சொல்ல வேண்டியதில்லை.

மாலை நேரக் கல்வி இந்நாட்டுக்குப் புதிதன்று. 1823இல் உழைப்பாளருக்கென இலண்டனில் தொடங்கப்பட்டு, பின்னர் பேர்பெக் என்னும் பெயர் பெற்ற கல்லூரி, பகலில் வேலை செய்வோருக்கு மாலையில் கற்பித்துப் புகழ்பெற்றது. வழி உண்டு, தடை பணத்தில் உள்ளது. அகதி அந்தஸ்துப் பெற்றவர் இங்கிலாந்தில் முதுமாணிப் படிப்புக்கான அரச கடனுக்கு விண்ணப்பிக்கலாம். முடிவுக்குக் காத்திருப்பவருக்கு அக்கடன் இல்லை. பொதுவாக வெளிநாட்டு மாணவருக்குரிய உயர்ந்த கட்டணமே அவரிடம் கேட்கப்படுகின்றது. சில பல்கலைக்கழகங்கள் அடைக்கலம் தேடுவோருக்கெனப் புலமைப்பரிசில் வழங்குகின்றன. ஆயினும் இடங்கள் சில, விண்ணப்பிப்போர் பலர்.

இங்கே எமது சமூகத்தை நோக்கியும் ஒரு சொல். எமது பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் ஆண்டுதோறும் இராப்போசன விருந்துகளும் கலைமாலைகளும் நடத்துகின்றன. அவற்றின் மூலம் ஊரிலுள்ள பாடசாலைகளுக்குக் கணனிகள் அனுப்பியதை நான் அறிவேன், அது நற்பணியே. அவ்வாறான சில சங்கங்கள் ஒன்றுசேர்ந்து ஆண்டுக்கு ஓர் அகதி மாணவரின் கட்டணத்தை ஏற்பது இயலாத காரியம் அன்று. மென்பொருள் நிறுவனங்களில் நல்ல பதவிகளில் இருக்கும் எமது அடுத்த தலைமுறையினர், மாதம் ஒரு சனிக்கிழமை வந்து ஒரு மாணவரின் வேலையை வாசித்துத் திருத்திக் கொடுப்பதும் இயலாததன்று. சங்கங்கள் பணத்துக்கும் இளையோர் நேரத்துக்கும் பொறுப்பேற்றால், பல்கலைக்கழகத்திடம் வெறுங்கையுடன் சென்று கேட்கும் நிலை எமக்கு இராது.

இப்பாடநெறியைத் தொடங்குமாறு கோரி, அதன் விரிவான அமைப்பையும் இணைத்து, இலண்டனிலுள்ள இரு பல்கலைக்கழகங்களின் கணனியியல் துறைகளுக்கு நான் கடிதம் எழுதியுள்ளேன். ஒரு துறையிலிருந்து கடிதம் கிடைத்ததாக இரு வரியில் பதில் வந்தது. மற்றையதிலிருந்து இன்னமும் பதில் இல்லை. ஒரு முன்னாள் விரிவுரையாளரின் தனிக்கடிதத்துக்கு இவ்வளவே கிடைக்கும். இத்துறையில் பணியாற்றுவோரும், படிப்பை இடையில் விட்டு வந்து இன்றும் அதனைத் தொடர விரும்புவோரும், தம் கல்வித் தகைமையையும் கருத்தையும் எழுதி இப்பத்திரிகைக்கு அனுப்புவார்களாயின், அவற்றைத் தொகுத்து இரண்டாவது கடிதத்தோடு சேர்த்து அனுப்பலாம். இத்தனை பேர் இருக்கின்றார்கள், கற்கக் காத்திருக்கின்றார்கள் என்று காட்டும் ஒரு பட்டியலே அடுத்த கடிதத்தின் முதலாவது பக்கமாக இருக்க வேண்டும்.

அந்த 140 பவுண் எனக்குத் திரும்பி வரப்போவதில்லை. அதனை நான் எதிர்பார்க்கவுமில்லை. அதே இருக்கையில் இன்றிரவு இருக்கும் இளைஞர், "இயந்திரம் பிழை, எங்கே பிழை என்று காட்டுகின்றேன், வாருங்கள்" என்று அச்சமின்றிச் சொல்ல வேண்டும். அவர் சொல்வதை விளங்கிக்கொண்டு திருத்தக்கூடிய ஒருவர் மறுபக்கத்தில் இருக்க வேண்டும். அவ்விருவரையும் உருவாக்குவதற்கே இப்பாடநெறியைக் கேட்கின்றேன்.